அமுதாவின் அப்பா ஓடி வந்த பாதை

நான் இப்போது வாழும் அயர்லாந்தில், சிற்றூர்க் கிழவர்களிடம் ஒரு கேள்வி உண்டு. கடையிலோ தேவாலய வாசலிலோ முன்பின் தெரியாத குழந்தையைக் கண்டால் குனிந்து, "ஹூ டூ யூ பிலாங் டு?" என்று கேட்பார்கள். வந்த புதிதில் எனக்கு அது திடுக்கென்றிருந்தது. பிள்ளை என்ன குடையா, பையா, யாருடையது என்று கேட்பதற்கு? எந்த வீட்டுப் பிள்ளை, உன் சனம் யார் என்பதைத்தான் அப்படிக் கேட்கிறார்கள் என்று நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் கூட இருந்த நர்ஸ் ஒருத்தி விளக்கினாள். விளங்கியதும் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கத்தில் "நீ யாரூட்டுப் புள்ள கண்ணு?" என்று கேட்கிறோமே, அதேதான். இத்தனை கடல் தாண்டி வந்தும் கேள்வி மாறவில்லை.

போன வருஷம் ஒரு மழை நாளில், மளிகைக் கடையில் தொப்பி போட்ட ஒரு கிழவர் என் மகள் அமுதாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். அவளுக்குப் பத்து வயது. நான் அடுத்த வரிசையில் ரொட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் காலணியைப் பார்த்தபடி, "நோபடி" என்றாள். பாவம், அந்த மனிதர் பிள்ளை தொலைந்துபோய்விட்டது என்று நினைத்துவிட்டார். கடைப் பெண்ணைக் கூப்பிட, அவள் ஒலிபெருக்கியில் அறிவிக்க, நான் ரொட்டியும் கையுமாக ஓடி, "தொலையவில்லை, இது என் மகள்" என்று சொல்லி முடிப்பதற்குள் பாதிக் கடை கூடிவிட்டது. கிழவர் பலமுறை மன்னிப்புக் கேட்டார். காரில் ஏறியதும், "ஏண்டா அப்படிச் சொன்ன?" என்றேன். தமிழ் அவளுக்குப் புரியும். பதில் ஆங்கிலத்தில்தான் வரும். "வேற என்ன சொல்றது? எனக்கு யாரைத் தெரியும்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்குக்கு விடை தெரியாததைச் சொல்வதுபோலச் சொன்னாள். நான் வண்டியைக் கிளப்பினேன்.

என்னைப் போல வெளிநாட்டில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இது உடனே விளங்கும். ஊரில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். நான் கொல்லிமலை அடிவாரத்துக்காரி. பேளுக்குறிச்சிப் பக்கத்தில் கிணறும் தோட்டமும் உள்ள விவசாயக் குடும்பம் எங்களுடையது. என் கணவர் சந்திரன் மலைமேல் வளப்பூர் நாட்டைச் சேர்ந்தவர். மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். நான் நாமக்கல்லில் நர்சிங் படித்தபோது அவர் அங்கே ஒரு மருத்துவமனையில் எலக்ட்ரீஷியன். கல்யாணம் என்று நான் வாயைத் திறந்த அன்று என் அப்பா வரப்பில் நின்றுகொண்டிருந்தார். கையை நீட்டி மலையைக் காட்டி, "அங்க போறவ அங்கயே இருந்துக்க. இந்தப் பக்கம் திரும்பிப் பாக்காத" என்றார். எங்கள் தோட்டத்தில் நின்றால் மலை தெரியும். சந்திரன் வீட்டுக்குப் பின்னால் நின்றால் எங்கள் சமவெளி தெரியும். நான் முதலில் நாடு விட்டுப் போனது அந்தத் தூரந்தான். அயர்லாந்து அதற்குப் பிறகு வந்தது. அது அவ்வளவு வலிக்கவில்லை.

இங்கே சந்திரன் ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றும் வண்டி ஓட்டினார். அமுதாவுக்கு ஆறு வயதாக இருந்தபோது, கொரோனா ஊரையெல்லாம் பூட்டி வைத்திருந்த நாட்களில், வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. விமானம் இல்லை. உடலை ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை. இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சாவு வீட்டுக்கு ஊரே வந்து கை குலுக்கும். அந்த நாட்களில் அதுவும் கூடாது என்பதால், சவ வண்டி போகும் சாலையின் இரு பக்கமும் தள்ளித் தள்ளி நின்று தலை குனிந்தார்கள். அவரை அறியாதவர்கள்கூட நின்றார்கள். பிறகு வழியில் பார்த்தவர்களெல்லாம் "சாரி ஃபார் யுவர் டிரபிள்" என்றார்கள். ஏதோ எனக்குத் தொந்தரவு கொடுத்துவிட்டதாக வருந்துகிறார்கள் என்று எண்ணி, "இல்லை, இல்லை, ஒரு தொந்தரவும் இல்லை" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள். துக்கம் கேட்கும் வார்த்தை அது என்று தெரிந்தபோது, துக்கம் கேட்க வந்த அத்தனை பேரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டதுபோல இருந்தது.

அதன்பின் வீட்டில் அவரைப் பற்றிய பேச்சு நின்றுபோனது. யாரும் முடிவெடுத்து நிறுத்தவில்லை. வேலை, பள்ளி, சமையல் என்று நாட்கள் ஓடின. அவர் பெயரைச் சொன்னால் கைவேலை அப்படியே நின்றது. சொல்லாமலிருந்தால் அடுத்த வேலையைப் பார்க்க முடிந்தது. அமுதா கேட்கும்போது, "அப்பா ரொம்ப நல்லவர், தைரியசாலி, எதுக்கும் பயப்பட மாட்டார்" என்பேன். அப்படிச் சொல்லிச் சொல்லி அவர் சுவரில் இருக்கும் படமாகவே ஆகிவிட்டார். மகளோ வகுப்பில் கை தூக்குவதை விட்டாள். கேட்டால் முணுமுணுத்தாள். பேசினால் சிரிக்கிறார்கள் என்று ஒருநாள் சொன்னாள், வேறொன்றும் சொல்லவில்லை. கடைச் சம்பவத்துக்குச் சில வாரங்களுக்குப் பின் அவளுடைய ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். ஒவ்வொரு பிள்ளையும் தன் குடும்பத்தைப் பற்றிப் பேச வேண்டிய நாளில், அமுதா எழுந்து நின்று, ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டாளாம். "அவளுக்குத் தன் மனிதர்களைத் தெரிய வேண்டும். கதைகள் சொல்லுங்கள்" என்றார் அந்த அம்மா மெதுவாக. என்னிடம் என்ன கதை இருந்தது? சந்திரனின் சின்ன வயது எனக்கும் தெரியாது. கதை இருந்த இடம் மலைமேல் இருந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு டிக்கெட் எடுத்தேன்.

சேலத்திலிருந்து பேளுக்குறிச்சி வழியாக மலைக்கு பஸ் உண்டு. நான் அந்த வழியில் வரவில்லை. நாமக்கல்லைச் சுற்றிக்கொண்டு வந்து, அடிவாரத்தில் மலை பஸ் ஏறினோம். வளைவுகள் தொடங்கியதுமே அமுதாவுக்குக் குமட்டல் எடுத்தது. மேலே போய்ச் சேர்வதற்குள் சட்டை, பை, என் மடி எல்லாம் நனைந்துவிட்டன. பஸ் நின்ற இடத்தில் சந்திரனின் அண்ணன் பெரியசாமி மாமா குளிருக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். எங்களைப் பார்த்தார். அமுதாவைப் பார்த்தார். "வாங்க" என்றார். பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வீடு வரும்வரை திரும்பிப் பார்க்கவே இல்லை.

வீட்டில் அவர் மனைவி செல்லம்மா அக்கா வெந்நீர் வைத்திருந்தார். அழுக்குச் சட்டையோடு நிற்கவே கூசிக்கொண்டு அமுதா கதவோரம் ஒட்டிக்கொண்டாள். அக்கா அவளை இழுத்து உட்கார வைத்தார்.

"ஏங்கண்ணு வெக்கப்படற? உன்ற அப்பன் எடுக்காத வாந்தியா?"

"அப்பாவா?" என்றாள் அமுதா. நான் அறிந்து பல மாதங்களுக்குப் பின் அவள் வாயிலிருந்து வந்த தமிழ்ச் சொல்.

"ஆமாஞ்சாமி. பஸ்ஸு ஏறுனா மொத வளைவுலயே ஆரம்பிச்சுரும். கண்டக்டரு அவனப் பாத்ததுமே சன்னலோரத்து ஆள எழுப்பி வுட்டுட்டு அவன உக்கார வெச்சுருவாரு. நான் கலியாணமாயி இந்த ஊட்டுக்கு வந்தப்ப அவன் உன்ற ஒசரந்தான் இருப்பான். ஹாஸ்டல்லருந்து லீவுக்கு வந்தான்னா மொத வேலையா நாந்தான் சட்டைய அலசிப் போடுவேன்."

அமுதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எதுக்கும் பயப்படாதவர் என்று நான் சொல்லி வந்த அந்தப் படம் அவள் கண்ணில் அசைவதை நான் பார்த்தேன். அவள் சிரித்தாள். அக்காவும் சிரித்தார். வாசலில் உட்கார்ந்திருந்த மாமா எழுந்து தோட்டத்துப் பக்கம் போனார். சாப்பாட்டுக்கும் வரவில்லை. "தம்பி பேச்ச எடுத்தா அவரு இருக்க மாட்டாரு. இத்தன வருசமா இந்த ஊட்டுல அந்தப் பேரச் சொன்னதில்ல" என்றார் அக்கா. ஆறு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் அங்கே செய்ததையேதான் அவர் இங்கே செய்திருக்கிறார். நான் நம்பி வந்த கதை இந்த வீட்டிலும் பூட்டிக் கிடந்தது.

அதைத் திறந்தது நான் அல்ல. இரண்டு மூன்று நாள் கழித்து, மிளகுக் கொடிகளைப் பார்க்க மாமா கிளம்பியபோது அமுதா அவர் பின்னாலேயே போய்விட்டாள். குளிருக்கு அக்காவின் சால்வையைப் போர்த்தியிருந்தாள். நான் கொஞ்சம் தள்ளிப் போனேன். சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருந்த கொடியொன்றை மாமா கட்டிக்கொண்டிருந்தார். அமுதா ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் கேட்டாள்.

"பெரியப்பா, அப்பா ஏன் ஹாஸ்டல்ல இருந்தாங்க?"

மாமா கயிற்றை முடிந்தார். அவிழ்த்தார். மறுபடி முடிந்தார். போய்விடப் போகிறார் என்று நினைத்தேன்.

"இங்க அப்ப பெரிய பள்ளிக்கூடம் இல்ல கண்ணு. கீழ கொண்டு போயிச் சேத்துனோம்."

"அப்பாவுக்குப் புடிச்சுதா?"

"எங்க புடிக்கும்? மலையான் மலையான்னு கூப்புடுவானுங்களாம். இவன் வாயத் தெறந்தா, இவன் பேசறாப்பலயே பேசிக் காட்டிச் சிரிப்பானுங்களாம். அதனால இவன் பேசறதயே வுட்டுப்புட்டான். புதுசா வந்த வாத்தியாரு, இந்தப் பையன் ஊமையான்னு எங்கிட்டயே கேட்டாரு."

அமுதா அசையாமல் நின்றாள். நானும் நின்றேன். என்னிடம் சந்திரன் தன் பள்ளி நாட்களைச் சொன்னதே வேறு. "நான் ஸ்கூல்ல பெரிய ரவுடி" என்று சொல்லிச் சிரிப்பார். அவரோடு அத்தனை வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறேன்.

"அப்புறம்?" என்றாள்.

"ஓடி வந்துருவான். பஸ்ஸுல ஏறுனா புடிச்சுக் குடுத்துருவாங்கன்னு ஒத்தையடிப் பாதையில பாறையப் புடிச்சுப் புடிச்சு ஏறி வருவான். காலெல்லாம் முள்ளு. வந்து மாட்டுக் கொட்டாயில உக்காந்துக்குவான். எங்கப்பன் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாரு. சோத்தப் போடச் சொல்லுவாரு. மறுநா காலையில நாந்தான் கூட்டிக்கிட்டு எறங்கோணும்."

"அடிச்சீங்களா?"

"இல்ல சாமி. அவன் முன்னால அழுதுக்கிட்டுப் போவான். நான் பின்னால அழுதுக்கிட்டுப் போவேன்."

"திரும்பிப் போயிட்டாங்களா?"

"போனான் கண்ணு. எத்தன தடவ ஓடியாந்தானோ அத்தன தடவையும் திரும்பிப் போனான்."

மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். அமுதா அவர் பக்கத்தில் போய் ஈரத் தரையில் உட்கார்ந்தாள். அவர் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.

அன்றிலிருந்து அவர்கள் இருவரும் சேர்ந்தே சுற்றினார்கள். பத்தாவதில் கணக்கில் தோற்றுப்போய்ச் சந்திரன் சாப்பிடாமல் படுத்துக் கிடந்ததையும், இரண்டாம் முறையும் தோற்றதையும், பிறகு தேறியதையும் கேட்டுக்கொண்டு வந்து எனக்குச் சொன்னாள். சொல்லும்போது அவள் குரலில் பெருமை இருந்தது. அதுதான் எனக்கு ஆச்சரியம். வென்ற கதைகளாகவே நான் சொல்லி வந்தபோது அவள் ஒடுங்கினாள். இங்கே அப்பா பயந்ததையும் தோற்றதையும் கேட்கக் கேட்க அவளுக்கு முதுகு நிமிர்ந்தது. பயந்த அப்பா அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்போல.

ஒரு மாலை மாமா எங்களை ஊருக்கு வெளியே ஒரு பாறைக்குக் கூட்டிப் போனார். போனுக்கு அங்கேதான் சிக்னல் கிடைக்குமாம். சந்திரனை எரித்த அன்று அவர் அந்தப் பாறையில் நின்றுதான் போனில் நேரலையாகப் பார்த்திருக்கிறார்.

"பெட்டிய உள்ள தள்றதுக்கு முன்னால படம் அப்படியே நின்னு போச்சு அம்மிணி," என்றார் என்னிடம். "நவுருல. நவுந்துரும் நவுந்துரும்னு புடிச்சுக்கிட்டே நின்னேன். சார்ஜு தீந்து போச்சு. என் தம்பி போனத நான் பாக்கவே இல்ல."

"நானும் பாக்கல பெரியப்பா," என்றாள் அமுதா. "கொஞ்சம் பேர்தான் உள்ள போகலாம்னு சொன்னாங்க. நான் வெளிய கார்ல இருந்தேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டியோட. மழை பேஞ்சுது. அம்மா வந்ததும் வீட்டுக்குப் போயிட்டோம்."

இதை அவள் என்னிடம்கூடச் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. மாமா அவள் தலையில் கை வைத்தார். கீழே மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அது பாறையை மூடும்வரை நின்றோம். நான்கு வருடமாக அழாத ஒரு அழுகையை நான் அங்கே அழுதேன். தொந்தரவு ஒன்றுமில்லை என்று சொல்லத் தோன்றவில்லை.

மறுநாள் அக்காவோடு கடைக்குப் போனோம். கல்லாவில் இருந்த பெண் அமுதாவைப் பார்த்து, "யாரூட்டுப் புள்ள கண்ணு நீ?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அமுதா, "சந்திரன் ஊட்டுப் புள்ளைங்க" என்றாள். 'ங்க' எல்லாம் பெரியம்மாவிடம் கற்றது.

"எந்தச் சந்திரன்?"

"ஹாஸ்டல்லருந்து ஓடி வந்தாங்களே, அவங்க."

அந்தப் பெண் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அட சாமி, எங்கூட அஞ்சாவது படிச்சவனாச்சே" என்று கடையை விட்டு இறங்கி வந்து, அமுதாவின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, அதில் சந்திரனின் சாடையைத் தேடினாள். அமுதா தலை குனியாமல் தேடக் கொடுத்தாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயந்தரம் மாமா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நாளைக்குச் சேலத்து பஸ்ஸுலயே போங்க அம்மிணி. பேளுக்குறிச்சி சந்தை நாளு."

நான் வாசற்படியில் உட்கார்ந்தேன்.

"நான் வாரா வாரம் அங்க மிளகு கொண்டு போறேன். உங்கப்பாரு வருவாரு. என் மூட்டைக்கு முன்னால வந்து நிப்பாரு. ரெண்டு மிளகெடுத்து உள்ளங்கையில உருட்டுவாரு. வாங்க மாட்டாரு. 'மேல எல்லாஞ் சௌரியமா'ன்னு கேப்பாரு. 'சௌரியந்தானுங்க'ன்னு சொல்லுவேன். போயிருவாரு. தம்பி செத்ததுக்கப்பறம் சந்தை தெறந்த மொத வாரம் வந்தவரு ஒண்ணுமே கேக்கல. பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. சந்தை கலையற வரைக்கும்."

"என்னப் பத்திக் கேட்டாருங்களா?"

"அதுதானே அம்மிணி அவரு கேட்டுக்கிட்டிருந்தது?"

காலையில் சேலத்து பஸ்ஸில்தான் ஏறினோம். அக்கா பலாச்சுளை வற்றலும் மிளகும் கட்டிக் கொடுத்திருந்தார். மாமா பஸ் நகரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மலை இறங்கும்போதும் அமுதா வாந்தி எடுத்தாள். இந்த முறை வெட்கப்படாமல் எடுத்தாள். அடிவாரம் வந்து வாய் கொப்பளித்து முடித்ததும், "உங்க வீட்டுக் கதை என்னம்மா?" என்று கேட்டாள். சொன்னேன். கிணற்றைச் சொன்னேன். வரப்பில் நின்று அப்பா கை நீட்டியதைச் சொன்னேன். கல்யாணத்துக்கு ஒருவரும் வராததைச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பேளுக்குறிச்சி வந்துவிட்டது.

சந்தைக் கூட்டத்தில் பஸ் ஊர்ந்தது. சாலை ஓரமெல்லாம் மல்லியும் மிளகாயும் சீரகமும் குவிந்து கிடந்தன. நான் தேடவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு தேடினேன். ஒரு மல்லி மூட்டைக்குப் பக்கத்தில், கையில் மஞ்சள் பையோடு அப்பா நின்றிருந்தார். மெலிந்திருந்தார். தோளில் பழையபடியே ஒரு துண்டு. என் கை அமுதாவின் முழங்காலை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். அவள் என் கண் போன வழியில் பார்த்தாள்.

"அவங்களா?"

தலையை ஆட்டினேன்.

"நான் என்னன்னு கூப்பிடணும்?"

"அப்புச்சி. அம்மாவோட அப்பாவ அப்படித்தான் கூப்புடுவோம்."

"இறங்கலாமா?"

மடியில் பை இருந்தது. அதைத் தள்ளிவிட்டு எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். முதியோர் இல்லத்தில் எழ முடியாத எத்தனையோ பேரைத் தூக்கி நிறுத்தியிருக்கிறேன். என் கால் அசையவில்லை. இந்தப் பக்கம் திரும்பிப் பாக்காத என்ற குரல் என் காதுக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அமுதா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சீட்டின் மேல் மண்டிபோட்டு, தலையையும் கையையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டி, "அப்புச்சி!" என்று கத்தினாள்.

சந்தையில் இருந்த எத்தனையோ கிழவர்கள் திரும்பினார்கள். எல்லோருக்கும் எங்கோ ஒரு பேத்தி இருந்திருப்பாள். அப்பாவும் திரும்பினார். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பஸ்ஸை முன்னிருந்து பின்வரை பார்த்தார். எங்கள் ஜன்னலைப் பார்த்தாரா, பக்கத்து ஜன்னலையா, என்னால் சொல்ல முடியவில்லை. கண்டக்டர் விசிலடித்தார். கூட்டம் விலக, பஸ் வேகமெடுத்தது. அவர் பையோடு சாலைக்கு வந்து, பஸ் போகிற பக்கமாக நடக்கத் தொடங்கினார். கொஞ்சம் வேகமாக நடந்தார். அப்புறம் நின்றுவிட்டார்.

நான் எழுந்துவிட்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது. பின் கண்ணாடியில் அவர் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் மலை முழுசாக நின்றிருந்தது. இரண்டும் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போயின. அமுதா நீட்டிய கையை உள்ளே எடுக்கவில்லை.